கல் என்று சொன்னது

துணியைக் கையில் வாங்கியதும் அவர் கண்ணால் பார்க்க மாட்டார். கறை இருக்கும் இடத்தை இரண்டு விரலால் மடித்து எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பார். அதற்கப்புறம்தான் சன்னலோரத்து மேசையில் விரித்துப் போட்டு வெளிச்சத்தில் பார்ப்பதெல்லாம்.

"காப்பியும் பழுப்பு, துருவும் பழுப்பு, காஞ்ச ரத்தமும் பழுப்பு. நிறத்தை நம்பி மருந்து போட்டா துணி போயிடும்" என்பார். மேசையில் பதினேழு புட்டிகள் இருந்தன. எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. மூடியைத் திறந்து முகர்ந்துதான் எடுப்பார். வாடிக்கையாளர்கள் அவரைக் கறைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவிக்கு இஸ்திரி மேசை. முன்பக்கம் துணி வாங்கும் பலகை, அதற்குப் பின்னால் இரண்டு பெரிய இயந்திரங்கள், நீராவிக் குழாய், சுவரோடு சுவராகக் கம்பியில் தொங்கும் கோட்டுகள். இருபத்தாறு வருடங்களாக இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். அவர் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவள் சுவரைப் பார்த்து நிற்பாள். பேச்சு மட்டும் திரும்பாமலே போய்வரும்.

ஒருநாள் அவளுக்கு முட்டை நாற்றம் வந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். ஓட்டல் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு மேசையில் விரிந்திருந்தது. அதன் மார்பின்மேல் அவர் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது முட்டை."

"குழம்பு."

"எனக்கு இங்க வரைக்கும் நாறுது. முட்டைங்க."

அவர் கோட்டை மறுபடி மூக்கிடம் கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார். முட்டைக் கறையில் வெந்நீர் பட்டால் அது அங்கேயே வெந்து நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எவராலும் எழுப்ப முடியாது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் அது.

"சளி புடிச்சிருக்கு" என்றார்.

மறுநாள் சமையல்காரர் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்ன கறைக்காரரே, நான் குடுக்கும்போது கறையா இருந்துச்சு. இப்ப டிசைனா ஆயிடுச்சு?"

"உன் சமையலை விட நல்லா வந்திருக்கு. போட்டுக்க."

இருவரும் சிரித்தார்கள். சமையல்காரர் போன பிறகு அவர் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, மூடி, மறுபடி திறந்தார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் காலரைத் தேய்த்தாள்.

சளி போகவில்லை. இடது மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டது, வலது பக்கம் பாதி. குரல் மாறியது. மகளுக்குப் போன் செய்தால், "அப்பா, பானைக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசற மாதிரி இருக்கு" என்றாள். மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். சைனஸ் என்றார். கடைக்கு வருகிற எல்லாருக்கும் சைனஸ் வந்த ஒரு சித்தப்பாவோ மச்சினனோ இருந்தார், எல்லாரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஆவி பிடிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். "நான் நாள் முழுக்க ஆவியிலதான் நிக்கிறேன்" என்பார் அவர்.

வாளியை அவள் கண்டுபிடித்தது மூன்றாவது வாரம். கழுவுதொட்டிக்குக் கீழே, சோப்பு மூட்டைக்குப் பின்னால், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் வாளி. மூடியைத் திறந்தாள். உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீர். அதில் நான்கு கைக்குட்டைகள். தண்ணீர் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கணக்குத்தான். பின்கட்டுக் கொடியில் தினமும் கைக்குட்டைகள் காயும். எல்லாம் வெள்ளை, புதிதை விட வெள்ளை. யாரோ வாடிக்கையாளருடையது என்று நினைத்து அவற்றை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து, நாலாக மடித்துத் தேய்த்து அடுக்கி வைத்தது அவள்தான். ஒருநாள் ஏழு. ஒருநாள் ஒன்பது. ஒரு பொட்டுக் கறை அதில் இருந்ததில்லை. ஊரிலேயே ரத்தக் கறையைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்தவர் தன் ரத்தத்தையும் அப்படியே எடுத்திருக்கிறார். அவள் அதை இஸ்திரி போட்டிருக்கிறாள்.

"இது எத்தனை நாளா?"

அவர் திரும்பவில்லை. "எது?"

"இந்த வாளி."

"அது ஒருத்தரோட..."

"எனக்கு ரத்தம் தெரியாதா?"

புட்டியின் மூடியைத் திருகி வைத்தார். "மூக்குல சூடு. கொஞ்சம் வரும், நின்னுடும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். அதை என்ன டம்ளர்லயா புடிச்சு வைக்க முடியும்?"

"முந்தாநாள் ஒம்பது கைக்குட்டை. நான்தான் தேச்சேன்."

"நல்லாத்தான் தேச்சிருந்தே. ஒரு சுருக்கம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவருடைய இடது கிட்னியை எடுத்தார்கள். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. கெட்ட கட்டிதான், ஆனால் முழுசாக எடுத்துவிட்டோம், வெளியே எங்கும் போகவில்லை என்றார்கள். மயக்கம் தெளிந்து, குமட்டல் நின்று, அவர் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம்:

"யார் கேட்டாலும் கல்லுன்னு சொல்லு."

"எதுக்கு?"

"உடம்போட ஒட்டிப் போட்டுக்கிற சட்டைய எவன் ஒரு கேன்சர்க்காரன் கையில குடுப்பான்? ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சட்டைக்காரனுக்குத் தெரியுமா?"

அப்படித்தான் அது கல் ஆனது. வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், கல் என்றார்கள். "எடுத்த கல்லைக் கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. பில்லு பறக்காம மேல வைக்க உதவியிருக்கும்" என்று அவர் வேடிக்கை சொல்வார். மகள் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார். பரீட்சை முடிந்ததும், வேலை கிடைக்கட்டும் என்றார். வேலை கிடைத்ததும் சம்பந்தம் பேச ஆட்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா இந்தக் கடைக்குப் பின்னாலிருக்கும் இதே கூடத்தில் உட்கார்ந்து, "உங்க உடம்பெல்லாம் எப்படி?" என்று கேட்டார். "ஒரு கல்லு இருந்துச்சு, எடுத்தாச்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார் அவர். தேநீர்த் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவியும் தலையாட்டினாள்.

முதல் ஐந்து வருடம் சோப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்வந்தார். ஐந்தாம் வருடம் டாக்டர் கை குலுக்கி, இனி நீங்கள் எங்களை மறந்துவிடலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பினாராம். அவர் அப்படியே மறந்துவிட்டார். பல வருடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே சில நாட்களில், அது உண்மையிலேயே கல்தானோ என்று தோன்றியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மருத்துவமனையில் இருந்த லிஃப்டையே ஒருமுறை அவர்தான் சரிசெய்திருந்ததால், அங்கே யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்பானர்கள் கடகடக்கும் தன் வண்டியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண். மகள் வயதுதான் இருக்கும். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, மேசையில் தாளை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு ரத்தம் வரும்?"

"ரெண்டு சொட்டு, மூணு சொட்டு" என்றார் அவர்.

"ஒம்பது கைக்குட்டை" என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்தாள். "அதுல ஒண்ணாவது கொண்டுவந்திருக்கீங்களாம்மா? பாத்தா ஒரு அளவு தெரியும்."

"துவைச்சாச்சு."

"ஒம்பதுமா?"

"சலவைக் கடை டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "எங்க மாமா கடையில கறைக்கு ஒரு பொழுது தங்கக்கூட இடம் கிடையாது."

டாக்டர் சிரித்துவிட்டு எழுதினாள். சர்க்கரை? இல்லை. ரத்த அழுத்தம்? கொஞ்சம். "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"கல்லு. ஒம்பது வருஷம் ஆச்சு."

"கிட்னியிலயா?"

"ஆமா. இடது பக்கம்."

பேனா அதையும் எழுதியது. மற்றவற்றை எழுதிய அதே வேகத்தில் எழுதியது. அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மெல்லிய குழாயை மூக்கில் விட்டு டாக்டர் பார்த்தாள். சின்னத் திரையில் அவளுக்கும் தெரிந்தது. ஈரமான குகை ஒன்று, அதன் வழியை அடைத்துக்கொண்டு சிவப்பாக ஒரு சதை. குழாயின் நுனி பட்டதுமே அதிலிருந்து மெல்ல ரத்தம் கசிந்து திரை முழுக்கச் சிவந்தது.

"சைனஸ்ல சதை வளரும், அது வெளுத்துப்போய் உரிச்ச திராட்சை மாதிரி இருக்கும்" என்றாள் டாக்டர். "இது அப்படி இல்ல. ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பிடலாம். மரத்துப்போக மருந்து அடிச்சுட்டுத்தான் எடுப்பேன், வலிக்காது. கொஞ்சம் ரத்தம் வரும், பஞ்சு வச்சு அடைச்சுடலாம். அஞ்சே நிமிஷம்."

"எடுத்துடுங்க" என்றார் அவர். கறை இன்னதென்று தெரிந்துகொண்டால் மருந்து போடலாம் என்பது அவருக்குப் பழகிய வழிதான்.

நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டினாள். நல்ல பருத்தி. மருந்து அடித்தார்கள். டாக்டர் நீளமான மூக்குக் கத்திரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திறந்து மூடிப் பார்த்தாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்தார்.

"கல்லு இல்லீங்க."

அவள் சொன்னது யாருக்கும் காதில் விழவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர். அது கல்லு இல்ல. கட்டி. கேன்சர்னு சொன்னாங்க. கிட்னியவே எடுத்துட்டாங்க."

டாக்டரின் கை அப்படியே நின்றது. பிறகு அவர் முகத்தை விட்டு விலகி, கத்திரியைத் தட்டில் வைத்தது. சொன்னவள் மாப்பிள்ளை பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் முகம் தன் பக்கம் திரும்பியது தெரிந்தது.

"முழு கிட்னியுமா?"

"ஆமா."

"பேப்பர் இருக்கா?"

"இருக்கு. இஸ்திரி மேசையில விரிச்ச கம்பளிக்கு அடியில. ஒம்பது வருஷமா அது மேலதான் தேய்க்கிறேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இப்போது தலைவிளக்கை அணைத்துவிட்டாள். கிட்னியில் வந்த கட்டியை முழுசாக எடுத்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ரத்தத்தோடு போய் எங்கோ வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பிறகு வளரத் தொடங்குவது உண்டு என்றாள். நுரையீரல், எலும்பு என்றுதான் பெரும்பாலும் போகும். மூக்குக்கு வருவது அபூர்வம், ஆனால் வரும். அப்படி வந்தால் அந்தச் சதை முழுக்க ரத்தக் குழாய்.

"அதுவா இருந்து, இந்த நாற்காலியில வச்சு நான் கிள்ளியிருந்தேன்னா..." என்றவள் வெள்ளைத் துண்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "முதல்ல ஸ்கேன். அப்புறம் அந்தக் குழாய்களை அடைச்சுட்டு, ஆபரேஷன் தியேட்டர்ல வச்சு எடுக்கணும். இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும் சார்."

"அது முடிஞ்சு போச்சுன்னு அவங்கதான் சொன்னாங்க" என்றார் அவர். மூக்கு மரத்திருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தடித்து வந்தது. "முடிஞ்சு போனத எதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கணும்?"

திரும்பும்போது வண்டியில் ஸ்பானர்கள்தான் பேசின. முன் இருக்கையில் அவர், பின்னால் அவள். ஒரு சிக்னலில் நின்றபோது மாப்பிள்ளை கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கு இது தெரியும். இல்ல?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா எங்கம்மா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க. பொண்ணுக்கும் வரும்னு ஆரம்பிச்சிருப்பாங்க." பச்சை விழுந்தது, பின்னால் ஆரன் அடித்தார்கள். கியரைப் போட்டார். "அப்ப நான் அம்மா பேச்சைக் கேக்கிறவன். சரிம்மான்னு போயிருப்பேன். அதனால நீங்க சொல்லாதது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சரின்னு சொல்லவும் வரல. என்ன சொல்றதுன்னே தெரியல, போங்க."

வாசலில் இறக்கிவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டு, ஸ்கேனுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஒம்பது வருஷம் வச்சிருந்தே. ஒரு அஞ்சு நிமிஷம் வச்சிருக்க முடியல."

"செத்துப் போயிருப்பீங்க."

"மாப்பிள்ளை வெளிய போனப்புறம் டாக்டர் காதுல சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்தான். மாப்பிள்ளையை ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கத்திரி மட்டும்தான்.

பிறகு அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

டாக்டர் சந்தேகப்பட்டதுதான் சரி. தொடை வழியாகக் கம்பி விட்டுக் குழாய்களை அடைத்து, தியேட்டரில் வைத்து எடுத்த துண்டைச் சோதித்தவர்கள், மூக்கில் இருந்தது கிட்னி என்றே எழுதியிருந்தார்கள். "கிட்னிக்கு மூக்குல என்ன வேலை?" என்று அவர் டாக்டரிடம் கேட்டார். நுரையீரலிலும் இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தன. ரத்தத்தை நிறுத்தப் பத்து நாள் கதிர்வீச்சு, தினமும் மாத்திரை என்று முடிவானது. அந்த மாத்திரைகள் அவருக்குப் பதினான்கு மாதம் வாங்கிக் கொடுத்தன. அவ்வளவுதான் கிடைக்கப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏழு வாரம் நீண்ட அந்தப் பேச்சில்லாமையை அவள் விட்டிருக்கவே மாட்டாள்.

மகள் வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை, கோபத்தோடு வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் மேசை முன்னால் நின்றாள்.

"தினமும் போன் பண்ணி என்னப்பா கேப்பேன்? தண்ணி குடிச்சீங்களா, தண்ணி குடிச்சீங்களான்னு கேப்பேன். கல்லு திரும்ப வரக்கூடாதுன்னு. ஒம்பது வருஷம் கேட்டேன்."

"குடிச்சேனே" என்றார் அவர்.

"குடிச்சீங்களா!"

"நீ கேட்டேன்னு குடிச்சேன். தினமும் மூணு லிட்டர். வேலைய விட்டுட்டு எத்தனை தடவ பின்னாடி போயிருப்பேன் தெரியுமா? உங்கம்மாவக் கேளு."

மகள் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காகவே கோபம் அதிகமாகி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வரை அவள் அம்மாவோடும் பேசவில்லை. போகும்போது மட்டும், "உனக்காவது சொல்லணும்னு தோணலையாம்மா?" என்றாள்.

"தோணுச்சு" என்றாள் அவள். "தினமும் தோணும். அப்புறம் வேலை வந்துடும்."

மாத்திரை அவர் தலைமுடியை ஒரே மாதத்தில் வெளுக்க வைத்தது. மீசை, புருவம்கூட. அது பரவாயில்லை. உள்ளங்கைத் தோல்தான் சிவந்து, தடித்து, வெடித்தது. புட்டியின் மூடியைத் திருக முடியவில்லை. மருந்து ஒரு சொட்டுப் பட்டால் கை துடித்தது. அப்படித்தான் சன்னலோரத்து மேசை அவளிடம் வந்தது. இஸ்திரிக்குப் பாதி நாள், கறைக்குப் பாதி நாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, பருத்திக் கையுறை மாட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அவருக்கு மூக்கும் இல்லை, கையும் இல்லை. அவளுக்கு இரண்டும் இருந்தன, பழக்கம்தான் இல்லை. ஆகவே பேசியாக வேண்டியிருந்தது. ஆனால் வேலைப் பேச்சு மட்டும்தான்.

"என்ன வாசனை?"

"புளிப்பா இருக்கு."

"புளிப்புல ஆயிரம் இருக்கு. பழப் புளிப்பா, பால் புளிப்பா, வேர்வைப் புளிப்பா?"

"குழந்தை கக்கின மாதிரி."

"பால். குளிர்ந்த தண்ணி. வெந்நீர்ப் பக்கமே போகாத. அடுத்தது?"

"இதுல சென்ட் அடிச்சிருக்காங்க. ஒண்ணும் தெரியல."

"சென்டுக்கு அடியில பாரு."

"அடியில எப்படிப் பாக்கிறது?"

"மூச்ச நிறுத்திட்டு மெல்ல இழு. முதல்ல சென்ட் வரும். அது போகட்டும். வந்தவங்க எல்லாம் போனப்புறம் ஒருத்தர் நிப்பாரு. அவருதான்."

அவள் இழுத்தாள். "எண்ணெய். இயந்திர எண்ணெய்."

"சைக்கிள் சங்கிலி. ஆபீஸ் போற ஆளு, சென்ட் அடிச்சுக்கிட்டு சைக்கிள்ல போறாரு. மூணாவது புட்டி."

சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ரத்தம் வந்தால், இப்போது மறைக்காமல் கையை நீட்டிக் கைக்குட்டை கேட்பார். மூக்கை அவள் பிடித்துக்கொள்ள, இருவரும் பத்து நிமிடம் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில். அப்போதும் ஒரு சொல் இல்லை. வாடிக்கையாளரோடு வழக்கம்போல வம்பளப்பார். மாப்பிள்ளையோடு லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். அவளிடம் மட்டும், என்ன வாசனை, எந்தப் புட்டி, அடுத்தது.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம் வக்கீல் வந்தார். பதினைந்து வருட வாடிக்கை. கையில் பை, பையில் இரண்டு கறுப்புக் கோட்டு. பலகைமேல் எடுத்துப் போட்டுவிட்டு, அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன கறைக்காரரே! தலையெல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்கு? துணிக்குப் போடறதத் தலையில போட்டுக்கிட்டீங்களா?"

"வயசாகுதுல்ல."

"ரெண்டு மாசத்துலயா? குரலும் ஒரு மாதிரி இருக்கே. சளியா?"

அவள் இஸ்திரி மேசையில் இருந்தாள். சளி என்ற சொல் அவள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சளி, சைனஸ், அதுவும் போதாவிட்டால் கல். மூன்றும் வரிசையாக நின்றன. அவள் தலை நிமிராமல், தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தாள்.

"கேன்சர்" என்றார் அவர். "முன்னாடி கிட்னியில இருந்துச்சு. இப்ப மூக்குல வந்திருக்கு."

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கடைக்குள் அந்தச் சொல் ஒருமுறைகூட வாய்விட்டு வந்ததில்லை. வந்த பிறகு பார்த்தால், கோட்டுகள் கம்பியில் அப்படியேதான் தொங்கின.

"அடடா" என்றார் வக்கீல். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அவளுக்கு அது தெரிந்தது. "கவலைப்படாதீங்க. இப்பல்லாம் நல்ல நல்ல மருந்து வந்திருக்கு. என் ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தருக்கு இப்படித்தான்..." என்று அண்ணனின் கதையைச் சொன்னார். வாய் கதை சொல்லிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குப் பலகைமேல் கிடந்த கோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தது. கதை முடிந்தபோது பையின் வாயும் மூடியிருந்தது. "இது ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க முதல்ல உடம்பப் பாருங்க. நான் அப்புறமா வரேன்."

தெருவைக் கடந்து, முனையில் திரும்பினார். அந்தப் பக்கம் புதிதாக ஒரு சலவைக் கடை இருந்தது.

கறைக்காரரின் தோள்கள் குலுங்கின. அவள் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவர் அழவில்லை. மூக்கில் ரத்தம் வந்துவிடாமல் கையுறை மாட்டிய கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? பாத்தியா? ஒம்பது வருஷம் முன்னாடியே நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நாள் முழுக்கக் கூண்டுல ஆள ஏத்தி, உண்மையச் சொல்லு, உண்மையச் சொல்லுன்னு கத்தற மனுஷன். ஒரே ஒரு உண்மை சொன்னேன். கோட்டத் தூக்கிக்கிட்டு ஓடறாரு பாரு!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தான் நினைத்தது சரியாகப் போனதில் அந்த மனிதருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் சிரிப்பு வந்தது. வெளியே போன யாரோ நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏய்" என்றார். "அன்னிக்கு அந்த ரூம்ல சொன்னியே. சொல்றதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "வாய் காஞ்சு போச்சு. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. முதல் தடவ சொன்னது யாருக்கும் கேக்கவே இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். "அந்த டாக்டர் பொண்ணு கல்லுன்னு எழுதினப்பவே. எழுதட்டும்னு விட்டுட்டு மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன். உங்க கழுத்துல துண்டக் கட்டற வரைக்கும் நின்னேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் உறை மாட்டிய கையை நகர்த்தி மேசைமேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். தொட்டால் வலிக்கும் என்பதால் தொடவில்லை.

"எனக்கும் இப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "பல்லெல்லாம் கூசிச்சு."

தெருவில் ஒரு பெண் தோளில் துணிமூட்டையோடு கடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். அவள் திருப்பிப் போட்டாள்.

"இந்தத் தடவ நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.